எலி கடித்த காயிலும் நொறுங்கிய கோரும்: 1980களின் கலர் டிவி ஒன்றைப் பழுது பார்த்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தினர் இருபது அங்குலக் கலர் டிவி ஒன்றைப் பல ஆண்டுகள் ஓட்டாமல் கூடத்து அலமாரியிலேயே வைத்திருந்தார்கள். அது 1980களின் நடுவில் வாங்கிய செட். 1982 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் தேசிய அளவில் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்ததைத் தொடர்ந்து நாடு முழுவதும் கலர் செட்டுகள் விற்பனைக்கு வந்த காலத்து வடிவமைப்பு அது. மர அலமாரி போன்ற பெட்டி, முன்பக்கம் எட்டு பொத்தான்கள், பின்பக்கம் ஏரியல் கம்பிகளை முடுக்க இரண்டு திருகுகள், இவற்றைத் தவிர வீடியோ உள்ளீடு என்று தனியாக எதுவும் அதில் இல்லை.

வீட்டு அம்மாவின் கணவர் பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துத் தவணையில் வாங்கியது இது. ஏற்கெனவே பார்த்த ஒருவர் பிக்சர் டியூப் போய்விட்டது என்று சொல்லிக் கைவிட்டிருந்தார். பழுது பார்க்க வந்த என்னிடம் அம்மா சொன்னது இரண்டே வாக்கியம்: “தம்பி, ஓடலைன்னாலும் பரவாயில்லை, உடைச்சுப் போட்டுடாதீங்க. ஆகிறதைப் பாருங்க.” எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்ற கேள்வி எழுந்த ஒவ்வொரு இடத்திலும் இந்தச் சொல்லை வைத்தே முடிவு எடுத்தேன்.

கண்டவை

பின்மூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது எலிப் புழுக்கையும் கிழிந்த காகிதத் துண்டுகளும். பிக்சர் டியூபின் விளிம்பைச் சுற்றி ஓடும் டீகாஸிங் காயிலின் (டியூபில் ஏறும் காந்தத்தைத் துடைக்கும் கம்பிச்சுருளின்) கறுப்பு டேப், கீழ் இடது மூலையில் ஒரு விரல் நீளத்துக்குக் கடித்துக் குதறப்பட்டிருந்தது. உள்ளிருந்த எனாமல் கம்பிகள் சில அறுந்து, செம்பு மினுங்க வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. செட்டைப் போட்டதும் ஓரிரு வினாடிக்கு மெயின்ஸ் மின்சாரம் நேரடியாக ஓடும் காயில் அது. ஆகவே வேறு எதையும் பார்க்கும் முன் அதன் இரு முனை இணைப்பைப் போர்டிலிருந்து பிடுங்கி ஒதுக்கினேன்.

அந்தக் காலத்துச் செட்டுகள் பலவற்றில் சேஸிஸ், அதாவது போர்டைத் தாங்கும் உலோகச் சட்டம், மெயின்ஸிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் சேஸிஸில் மின்சாரம் இருக்கும் வகைகளும் உண்டு. அதனால் மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் 230 வோல்ட் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சீரீஸ் லாம்ப் போட்டுத்தான் செட்டை உயிர்ப்பித்தேன். பவர் சப்ளையில் உப்பிப்போன இரண்டு கபாசிட்டர்களையும் லைன் டிரான்ஸ்ஃபார்மரின் கால்களில் விரிந்திருந்த சால்டரிங்கையும் சரிசெய்ததும் திரையில் வெளிச்சம் வந்தது. இந்தப் பகுதி எந்தப் பழைய செட்டிலும் வருவதுதான் என்பதால் விரிக்கவில்லை.

ஏரியல் வழி வந்த பழைய அனலாக் ஒளிபரப்பு இப்போது இல்லாததால், ஒரு டிவிடி பிளேயரை, படத்தையும் ஒலியையும் ஏரியல் சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் வழியாக இணைத்தேன். வந்த படத்தில் கறுப்பு வெள்ளை விவரம் கூர்மையாக இருந்தது. டியூப் போகவில்லை என்பதற்கு அதுவே சான்று. குறைகள் மூன்று. முதலாவது, திரையின் மூலைகளில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள். இரண்டாவது, நிறம் வெளிறி, முகங்களின் மேல் கிடைமட்டமாக மெல்லிய பட்டைகள் ஓடின. மூன்றாவது, ஒலியில் பேச்சு கரகரத்து, அதற்குமேல் ‘பர்ர்’ என்ற இரைச்சல்.

காயிலா, வேறா

மூன்று குறைகளுக்கும் காயில்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டுவது சரியாகாது. ஒலிக் குறையை முதலில் மாடுலேட்டரிலேயே தேடினேன். இந்தியாவில் பால் (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். சந்தையில் கிடைக்கும் மாடுலேட்டர்களில் 4.5, 5.5, 6.0, 6.5 என்று மாற்ற ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது 6.0-இல் நின்றால் நல்ல செட்டும் இப்படித்தான் இரையும். இந்தச் சுவிட்சைப் பார்க்காமல் செட்டின் உள்ளே கையை விடுவோர் உண்டு. காயிலின் நடுவில் டியூன் செய்யத் திருப்பும் ஃபெரைட் கோர்கள் நொறுங்குவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இங்கே சுவிட்ச் 5.5-இல்தான் இருந்ததால், சந்தேகம் செட்டின் ஒலிக் காயில்மேல் விழுந்தது.

நிறத்தைப் பொறுத்தவரை டிவிடி பிளேயரைப் பாலில் வைத்து, வண்ணப் பட்டை மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். பால் முறையில் ஒரு வரியின் நிறத் தகவலை 64 மைக்ரோவினாடி, அதாவது ஒரு வரி நேரம், தாமதித்து அடுத்த வரியோடு கூட்டிச் சராசரி எடுப்பார்கள். அந்தத் தாமதத்தைச் செய்வது கண்ணாடித் துண்டை உள்ளே கொண்ட டிலே லைன். தாமதித்த பாதை அறுந்துவிட்டால் நிறம் அடியோடு போய்விடாது. ஏறத்தாழப் பாதியாகக் குறையும், சிறிய ஃபேஸ் பிழைகூட வரிக்கு வரி வேறுபட்ட நிறமாகத் தெரியும். திரையில் கண்டது அதே. ஆசிலோஸ்கோப்பில் டிலே லைனின் நுழைவாயில் சிக்னல் இருந்தது, வெளிவாயிலும் இருந்தது, அதை அடுத்த காயிலைத் தாண்டியதும் இல்லை. மல்டிமீட்டரில் அந்தக் காயில் ஓப்பன், அதாவது உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

மூலைத் திட்டுகளுக்குக் கையால் பிடிக்கும் டீகாஸிங் வளையத்தைத் திரைமுன் சுழற்றி விலக்கியதும் திட்டுகள் மறைந்தன. செட்டை வேறு திசைக்குத் திருப்பி வைத்ததும் லேசாகத் திரும்பி வந்தன. பூமியின் காந்தப்புலத்துக்கு ஏற்ப டியூபின் உள்ளிருக்கும் இரும்புத் தகடு காந்தமேறுவதால் வருவது இது. உள்காயில் வேலை செய்தால் ஒவ்வொரு முறை போடும்போதும் அதுவே துடைத்துவிடும். ஆகவே பழுதான காயில்கள் மூன்று என்று உறுதியானது. மற்ற எந்தக் காயிலின் கோரையும் தொடுவதில்லை என்ற முடிவை அப்போதே எடுத்துக்கொண்டேன். ஏரியல் சிக்னலைப் பெருக்கும் ஐஎஃப் பகுதியில் படம் நன்றாக வருகிறது என்றால் அங்குள்ள கேன்களின் (காயில்களை மூடிய சிறு உலோகக் கூடுகளின்) கோர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சரியான இடத்தில் நிற்கின்றன என்று பொருள். ஒன்றை அரைச் சுற்று திருப்பினாலும் அதைத் திரும்ப அதே இடத்தில் நிறுத்தத் தனிக் கருவிகள் வேண்டும்.

அறுந்த டீகாஸிங் காயில்

இதற்கு என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. எஸ்ஜேபி ரோட்டுப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, “இதுக்குப் போய் ஒட்டுப் போடுவியா தம்பி? புதுசா சுத்திடலாம், அதே கேஜ்ல,” என்றார். “ஒரே இடத்துலதான் அறுந்திருக்கு அண்ணே, மத்த சுத்தெல்லாம் நல்லா இருக்கு,” என்றேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: ஒட்டு என்பது எப்போதும் பலவீனமான இடம். ஆனால் எத்தனை சுற்று என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. டியூபின் விளிம்புக்கு ஏற்ப வளைந்து, நான்கு மூலைகளிலும் கிளிப்பில் உட்காரும் அந்த வடிவத்தைப் புதிதாக உருவாக்குவதும் எளிதல்ல. ஒட்டுவது என்று முடிவானது. டேப்பும் வார்னிஷும் அவர் கடையிலிருந்தே வந்தன.

அறுந்த கம்பிகள் ஆறு. ஒரே இடத்தில் வெட்டுப்பட்டதால் இடப்பக்கம் ஆறு முனைகள், வலப்பக்கம் ஆறு முனைகள். எல்லாச் சுற்றும் ஒரே திசையில் ஓடுவதால் எந்த இட முனையை எந்த வல முனையோடு சேர்த்தாலும் மின்னோட்டத்தின் திசை மாறாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஒரு சுற்றின் இட முனை அதே சுற்றின் வல முனையோடு சேர்ந்துவிட்டால் அது பிரதான இணைப்பில் இல்லாத ஒரு மூடிய வளையமாகிவிடும். மீட்டரில் காயில் முழுமையாக இருப்பதாகவே காட்டும். ஆனால் மின்சாரம் பாயும்போது அந்த வளையம் டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட்டான சுற்றுப்போல் எதிர்ப்புலம் உண்டாக்கிக் காயிலின் வேலையைக் கெடுக்கும், சூடாகும்.

ஆகவே கையாண்ட முறை இது. காயிலின் தொடக்கக் கம்பியில் மீட்டரின் ஒரு முனையை மாட்டி, இடப்பக்க ஆறில் எது ஒலிக்கிறது (இணைப்பு இருந்தால் மீட்டர் ஒலிக்கும்) என்று பார்த்தேன், ஒன்றுதான் ஒலிக்கும். அடுத்து, காயிலின் இறுதிக் கம்பியோடு ஒலிக்கும் வல முனையைக் கண்டு அதற்குச் சிவப்பு நூல் கட்டி ஒதுக்கினேன். ஒலித்த இட முனையைச் சிவப்பு நூல் இல்லாத ஏதாவது ஒரு வல முனையோடு சேர்த்தேன். சேர்த்ததும் தொடக்கக் கம்பியோடு இப்போது ஒலிப்பது மீதமுள்ள இட முனைகளில் வேறொன்றாக இருக்கும். அதைப் பிடித்து அடுத்த வல முனையோடு சேர்க்க வேண்டும். இப்படியே போனால் கடைசியில் ஒரே ஒரு இட முனையும் சிவப்பு நூல் முனையும் மிஞ்சும். எந்த இடத்திலும் தொடக்கத்தோடு ஒலிக்கும் முனையையே சேர்ப்பதால் தனி வளையம் உருவாக வழியே இல்லை. சுற்றுகளின் வரிசை மாறியிருக்கலாம். அதனால் காயிலின் வேலைக்குக் கேடு இல்லை.

ஒவ்வொரு ஒட்டும் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, கம்பிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, அதே கேஜில் சிறு துண்டுகளை இடையில் கொடுத்து, ஒட்டுகளைப் படிக்கட்டுபோல் தள்ளித் தள்ளி வைத்தேன். எனாமலைத் தீட்டிச் சுரண்டி, முறுக்கி, சால்டரிங் செய்து, ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி நூல் ஸ்லீவ் போட்டேன். பிவிசி டேப் சூட்டில் பிசுபிசுத்து நழுவும் என்பதால் பருத்தி டேப்பால் இறுகச் சுற்றி வார்னிஷில் நனைத்து உலரவிட்டேன். உலர்ந்தபின் காயிலின் மின்தடை இருபது ஓமை ஒட்டி நின்றது. டேப்புக்கும் கம்பிக்கும் இடையில் மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் கருவியில்) கசிவு இல்லை. அதன்பிறகே, சூடானதும் காயிலின் மின்சாரத்தைக் குறைத்துவிடும் போசிஸ்டரோடு இணைத்தேன். செட்டைப் போட்டதும் கேட்கும் அந்த ‘ம்ம்’ என்ற குறுகிய முனகல் வந்தது, மூலைத் திட்டுகள் போயின.

ஒலிக் காயிலின் கோர்

ஒலியைப் பிரித்தெடுக்கும் ஐசி இந்தச் செட்டில் டிபிஏ 120எஸ். அதற்கு வெளியே ஒரே ஒரு டியூன் செய்த காயில்தான் தேவை. அலுமினியக் கேனுக்குள் இருக்கும் அந்தக் காயிலின் மேல்துளையில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஃபெரைட் கோரின் மேற்பாதி பொடியாகியிருந்தது, கேனின் வாயில் ஸ்க்ரூடிரைவரின் கீறல் இருந்தது. எப்போதோ யாரோ இரும்பு ஸ்க்ரூடிரைவரால், மெழுகை உருக்காமல், பலத்தைப் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். ஃபெரைட் சுட்ட மண் வகையைச் சேர்ந்தது. அழுத்தத்தைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது.

இங்கே மூன்று வழிகள் இருந்தன. காயிலை எடுத்துவிட்டு அதே வேலையைச் செய்யும் 5.5 மெகாஹெர்ட்ஸ் செராமிக் டிஸ்கிரிமினேட்டர் போடலாம்; டியூன் செய்யும் வேலையே இருக்காது, பிழைப்புக்கு ரிப்பேர் செய்பவர் அதைத்தான் செய்வார், தவறும் இல்லை. குப்பைப் போர்டிலிருந்து முழுக் கேனை எடுத்து மாற்றலாம். அல்லது கோரை மட்டும் மாற்றலாம். காயிலின் கம்பி மீட்டரில் நன்றாக இருந்ததாலும், போர்டு பழுப்பு நிற பேப்பர் ஃபீனாலிக் வகை என்பதால் கேனின் தடித்த கால்களைச் சூடாக்கிப் பிடுங்கும்போது செம்புத் தடம் உரிந்து வரும் வாய்ப்பு அதிகம் என்பதாலும், மூன்றாவது வழியை எடுத்தேன்.

கேனின் அடியில் போர்டில் ஒரு துளை உண்டு. கோரின் கீழ்ப்பாதி முழுதாக இருந்ததால் அந்தப் பக்கத்து வெட்டில் பிளாஸ்டிக் பின்னல் ஊசியைத் தீட்டிச் செய்த டிரிம்மரைப் பொருத்த முடிந்தது. ஹேர் டிரையரால் கேனை மிதமாகச் சூடாக்கி மெழுகு இளகியதும் கீழிருந்து மேல்நோக்கி மிக மெதுவாகத் திருப்ப, கீழ்ப்பாதி ஏற ஏற அதன்மேல் கிடந்த நொறுங்கல்கள் வாய்வழியே வெளியே தள்ளப்பட்டன. மரை கெடவில்லை. மாற்றுக் கோரை, சண்டே பஜாரில் எடைக்கு வாங்கிய பழைய செட் போர்டு ஒன்றின் ஒலிக் காயிலிலிருந்து எடுத்தேன். மரை பொருந்தினால் போதாது, ஃபெரைட்டின் தரமும் பொருந்த வேண்டும். அதே அலைவரிசையில் வேலை செய்த கோரைத் தேடியது அதனால்தான். கேனின் அடியில் இருந்த கபாசிட்டர் 82 பிகோஃபாரட். 5.5 மெகாஹெர்ட்ஸுக்கு அதோடு சேர வேண்டிய இண்டக்டன்ஸ் 10.2 மைக்ரோஹென்றி. கோர் ஏறத்தாழ நடுவில் நிற்கும்போது அந்த அளவு வந்ததால் தரம் பொருந்துகிறது என்று ஏற்றுக்கொண்டேன். பேச்சு தெளிந்து இரைச்சல் குறையும் இடத்தில் கோரை நிறுத்தி, ஒரு துளி மெழுகு விட்டேன்.

டிலே லைன் காயில்

இதில் கோருக்குக் குறை இல்லை, கம்பிதான். கேனை எடுக்காமல் பார்க்க முடியாது என்பதால் இங்கே அந்த ஆபத்தை ஏற்க வேண்டியிருந்தது. சால்டரிங் உறிஞ்சும் செம்புப் பின்னலால் ஒவ்வொரு காலையும் தனித்தனியே, ஆறவிட்டு ஆறவிட்டு விடுவித்தேன். ஒரு காலைச் சுற்றியிருந்த செம்பு வளையம் அளவுக்குத் தடம் விலகியது, பின்னால் மெல்லிய கம்பியால் அதற்குப் பாலம் கொடுத்தேன்.

கேனைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. தலைமுடி அளவே தடித்த கம்பி, காலில் சுற்றி சால்டரிங் செய்யப்பட்ட இடத்தில் பச்சையாகப் பூத்து அற்றுப்போயிருந்தது. தயாரிப்பின்போது துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸும் மழைக்கால ஈரமும் சேர்ந்து செம்பை அரித்த வேலை அது. அரைச் சுற்றை அவிழ்த்துக் காலில் மறுபடி சேர்த்தால் போதும் என்றுதான் தொடங்கினேன். ஆனால் பச்சை அடுத்த சில சுற்றுகளின் எனாமலுக்கு அடியிலும் ஊடுருவியிருந்ததால் கம்பி தொட்ட இடத்திலெல்லாம் ஒடிந்தது. முழுவதும் மறுவைண்டிங் செய்யத் தீர்மானித்தேன்.

அவிழ்க்கும் முன் குறித்துக்கொண்டவை: எந்தக் காலில் தொடக்கம், மேலிருந்து பார்த்தால் எந்தப் பக்கச் சுற்று, ஒரே அடுக்கா இரண்டா, சுருளின் கீழ்விளிம்பு அடித்தளத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். சுற்று எண்ணிக்கை சரியாக இருந்தும் சுருள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே போய்விட்டால் கோர் எட்டாது. எண்ணியதில் 34 சுற்று, ஒரே அடுக்கு. கம்பி 0.1 மில்லிமீட்டர், அதாவது 42 கேஜ். மோட்டார் கடையில் இத்தனை மெல்லிய கம்பி இருக்காது. எஸ்பி ரோட்டில் வாங்கிய பழைய ரிலே ஒன்றின் சுருளைப் பிரித்து எடுத்தேன், ஒரு ரிலேயில் இப்படிப் பல காயில்களுக்குக் கம்பி கிடைக்கும். கத்தியால் எனாமலைச் சுரண்டினால் கம்பியே அறும். ரிலேக் கம்பியின் எனாமல் சூட்டில் உருகி விலகும் வகை என்பதால், அயர்ன் முனையில் ஈயத் துளியை நிறுத்தி அதற்குள் கம்பி நுனியைச் சில வினாடி அமிழ்த்தியதும் வெள்ளி நிறத்தில் ஈயம் ஏறியது. சுற்றி முடித்தபின் மின்தடை 1.2 ஓம். அருகிலிருந்த அதே அளவு காயிலிலும் அதே அளவுதான் இருந்தது. இம்முறை காலைச் சுற்றி ஃப்ளக்ஸை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டே கேனை மூடினேன்.

பொருத்தியபின் வண்ணப் பட்டையை ஓட்டி, அளவைச் சரிசெய்யும் பிரிசெட் என்ற சிறு திருகையும் இந்தக் காயிலையும் மாறி மாறிச் சிறிதளவு திருப்ப, கிடைமட்டப் பட்டைகள் மங்கி ஓரிடத்தில் முற்றாக மறைந்தன. நிறம் முழு அளவில் வந்தது.

பின் நடந்தவை

செட்டை வீட்டில் கொண்டுபோய் வைத்துச் சில வாரங்கள் கழித்து, ஒரு மணி நேரம் ஓடியபின் ஒலியில் மறுபடி லேசாக இரைச்சல் வருவதாக அம்மா தொலைபேசியில் சொன்னார். போட்ட உடனே சரியாக இருக்கிறது, சூடானால் விலகுகிறது என்பதால் கோர் இடம் மாறியிருக்க வாய்ப்பில்லை. ஹேர் டிரையரைக் கேனின் அடிப்பாகத்தை நோக்கிப் பிடித்ததும் இரைச்சல் உடனே வந்தது. கேனின் அடியில் இருந்த குழாய் வடிவ செராமிக் கபாசிட்டரின் ஒரு முனையில் வெள்ளிப் பூச்சு கறுத்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது 82 காட்டிய அதன் அளவு, சூட்டில் நகர்ந்தது.

கபாசிட்டரைக் கேனின் அடிவழியாக ஊசியால் நொறுக்கி எடுத்துவிட்டு, போர்டின் செம்புப் பக்கத்தில் அதே இரு கால்களுக்கிடையே 82 பிகோஃபாரட் ஸ்டைரோஃப்ளெக்ஸ் (பிளாஸ்டிக் படல வகை) கபாசிட்டரைச் சேர்த்தேன். ஃபெரைட் சூடானால் இண்டக்டன்ஸ் கூடும். ஸ்டைரோஃப்ளெக்ஸ் சூடானால் கொள்ளளவு சிறிது குறையும். இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு சமன் செய்துகொள்ளும். அது சால்டரிங் சூட்டில் எளிதில் உருகும் என்பதால் காலை மூக்குக் குறட்டால் பிடித்துச் சூட்டை இழுத்துக்கொண்டே சால்டரிங் செய்ய வேண்டியிருந்தது. இம்முறை செட்டை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டபின்தான் கோரை நிறுத்தினேன். அதன்பின் ஒலி விலகவில்லை.

இனி இப்படி ஒரு செட் வந்தால்

அடியில் குழாய் வடிவக் கபாசிட்டர் உள்ள கேன் ஒன்றைத் திறக்கவோ டியூன் செய்யவோ நேர்ந்தால், குளிர்ந்த அளவு சரியாக இருந்தாலும் அதைச் சூட்டில் சோதித்த பிறகே கோரில் கை வைப்பேன். கோரின் தொடக்க உயரத்தை ஆழம் அளக்கும் கருவியால் எழுதிவைப்பது இந்தச் செட்டில் நொறுங்கிய கோரால் இயலவில்லை. மற்ற செட்டுகளில் அது முதல் வேலையாக இருக்கும். பேப்பர் ஃபீனாலிக் போர்டில் கேனைக் கழற்றும்போது நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் சூடாக்கும் அகன்ற முனை கிடைத்தால், பின்னலை விடத் தடத்துக்குப் பாதுகாப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

எலியைப் பொறுத்தவரை பின்மூடியின் காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது, செட் வெந்துவிடும். அதனால் மூடியின் உட்பக்கம் கொசுவலை போன்ற நைலான் வலையை, கம்பி வலையை அல்ல, ஒட்டிக் கொடுத்தேன். உலோக வலை கழன்று சேஸிஸில் விழுந்தால் வேறு வினை வந்துசேரும். எந்தக் காயிலில் எத்தனை சுற்று, என்ன கேஜ், எந்தக் கபாசிட்டர் மாற்றப்பட்டது, மாடுலேட்டர் 5.5-இல் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி, பெட்டியின் உட்புறப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது.